சிஸ்டர் பெனிட்டாவின் கல்லூரி

ஏப்ரல் 7, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் பெனிட்டாவை மைக் முன்னால் நிறுத்தினார். இப்போது அவள் சிஸ்டர் பெனிட்டா. திண்டுக்கல் தாண்டி அவர்கள் சபை நடத்தும் பெண்கள் கல்லூரியில் துணை முதல்வர். பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளைப் பார்க்க ஊர் ஊராகப் போகிறாளாம்.

எனக்கு இருக்கும் நரையில் பாதிகூட அவளுக்கு இல்லை. கண்ணாடி மட்டும் புதிதாக வந்திருக்கிறது. புடவையில் ஒரு சுருக்கம் இல்லை. என் சுங்குடிப் புடவையில் தையல் மிஷின் எண்ணெய்க் கறை இருந்ததை அவள் பேசும்போதுதான் கவனித்தேன்.

நானும் அவளும் ஒரே பஸ்ஸில் ஏறித்தான் சிஸ்டராக வேண்டும் என்று மடத்துக்குப் போனோம். அப்போது பதினெட்டு வயது. அந்தக் கல்லூரிக்குப் பின்னால்தான் பயிற்சி இல்லம். இரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பிறகு என் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் இருந்தாள். அவ்வளவுதான் கதை.

தினமும் நாலு வரி எழுத வேண்டும் என்பது அங்கே வந்த பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போனது. மகள் அவிலா மீதி வைத்த கணக்கு நோட்டில் இன்று எழுதுகிறேன். ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

பூசையில் முதல்முறையாக நன்மை அப்பம் வாங்கும் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கவுன் பதினாலு தைக்க வேண்டும். மே 26-க்குள் முடிய வேண்டும். சாட்டின் வந்துவிட்டது. நெட் துணி மதுரையிலிருந்து வரவேண்டும்.

அவிலா காலையிலேயே சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்தக் கல்லூரிதான் வேண்டுமாம். டிசம்பரில் மாணவர் முகாமுக்கு மூன்று நாள் அங்கே போனாள் அல்லவா, அப்போதே முடிவு செய்துவிட்டாளாம். நான்கு மாதம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்ம ஊரிலேயே கல்லூரி இருக்கிறதே, அங்கேயும் கணிதம் இருக்கிறதே, டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம்தானே என்று கேட்டேன்.

"அங்க பிள்ளைங்களே காலையில பூசைக்குப் பாடுறாங்கம்மா. சனிக்கிழமை பக்கத்து ஊருல போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்காங்க. ஜெபம் பண்ணதுக்கு யாரும் வெக்கப்படல."

வீட்டில் ஜெபம் பண்ணுவதற்கு யார் வெட்கப்பட்டார்கள்? தினமும் ஏழரைக்கு ஜெபமாலை சொல்கிறோம். பாதியில் அவள்தான் தூங்குகிறாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பெனிட்டா வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கு உப்புக் கம்பெனி எடைமேடையில் ஞாயிறும் டியூட்டி என்பதால் வீட்டில் நானும் அவிலாவும்தான். அவள் உள்ளே வந்ததும் அவிலா முகம் மாறியது. என்னோடு பேசும்போது வராத சிரிப்பு.

நான் முறுக்கு எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் இருவரும் எதையோ பேசி முடித்திருந்தார்கள். பிறகு அவிலா கடைக்குப் போனபோது பெனிட்டா தானாகவே சொன்னாள். போன வருஷம் அவிலாவின் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஒன்பது நாள் நவநாள் சொல்லியும் இறந்துபோனார். அதற்குப் பிறகு எட்டு மாதம் இவளால் ஜெபமே சொல்ல முடியவில்லையாம். கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டதாம். முகாமில் பெனிட்டாவிடம் சொல்லி அழுதாளாம்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன் ஜெசி" என்றாள்.

தெரியும் என்றேன்.

நான் அவிலாவோடு ஒரே அறையில் படுக்கிறேன். அவளுக்கு எந்தச் செருப்பு கடிக்கும் என்று தெரியும். எந்த நாளில் வயிறு வலிக்கும் என்று தெரியும். எட்டு மாதம் என் பக்கத்தில் முழங்காலில் நின்று வாயை மட்டும் அசைத்திருக்கிறாள். நான் தூக்கம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன்.

பெனிட்டாவுக்குப் பிள்ளை பெறும் வேலை இல்லை. துணி துவைக்கவும் மடத்தில் ஆள் உண்டு. அழுகிற பிள்ளையை உட்கார வைத்துக் கேட்க அவளுக்கு நேரம் இருக்கிறது. எனக்கு இருந்தால் நானும் கேட்பேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டோம். விரல் மை சாட்டினில் பட்டுவிடுமோ என்று இன்று தைக்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

கஸ்பார் சம்மதித்துவிட்டார். பிள்ளை ஆசைப்படுகிறாள், நல்ல இடம், சிஸ்டர்மார் கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள் என்கிறார். "நீயும் இருந்த இடந்தான ஜெசி, உனக்கும் பெருமைதான" என்றார்.

நான் இருந்த இடம் என்பதை எல்லாரும் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். இருபத்துநாலு வருஷத்தில் நான் அந்த வாசலை மிதித்ததே இல்லை. பழநிக்குப் போகிற ரோட்டில் ஒரு தடவை பஸ் அந்த வழியாகப் போனது. நான் தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 27, சனி

விண்ணப்பம் நிரப்பினாள். ஞானஸ்நானச் சான்றிதழ், சாமியார் கடிதம் எல்லாம் நான்தான் வாங்கி வந்தேன். அவளுக்குப் போன் இல்லை என்பதால் என் நம்பர். கடைசிப் பக்கத்தில் 'ஏன் இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று ஒரு கேள்வி. ஒரு முழுத்தாளுக்கு எழுதினாள். பார்க்கட்டுமா என்று கேட்டேன். மடித்து உறைக்குள் வைத்து, "அது சிஸ்டர் படிக்கதுக்கும்மா" என்றாள்.

ஐந்து கவுன் முடிந்தது. ஒரு அம்மாவுக்குக் கை பஃப் பெரிதாக வேண்டுமாம். பிரித்துத் தைத்தேன்.

மே 6, திங்கள்

ரிசல்ட். 561. கணக்கில் 98. கஸ்பார் கேக் வாங்கி வந்தார். என்னைக் கட்டிக்கொண்டாள், உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கையில் கேக்கோடு அடுத்த நிமிஷம், "சிஸ்டருக்குச் சொல்லணும்மா, போன் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். வெயிலில் மாடியில் நின்று பதினேழு நிமிஷம் பேசினாள். கேக்கில் எறும்பு ஏறிவிட்டது.

மே 9, வியாழன்

நம்ம ஊர்க் கல்லூரியிலும் விண்ணப்பம் போடச் சொன்னேன். மறுக்கவில்லை. கணிதத்தில் உடனே இடம் கொடுத்துவிட்டார்கள். சரி, ஒன்று கையில் இருக்கட்டும் என்றாள், ஏதோ குடை எடுத்து வைப்பது போல.

மே 14, செவ்வாய்

மிஷின் ஊசி இரண்டு முறை உடைந்தது. அவிலா பக்கத்தில் உட்கார்ந்து விளிம்பு மடித்துக் கொடுத்தாள். நன்றாகத் தைக்கிறாள். என்னிடம் கற்றது இது ஒன்றாவது இருக்கிறது.

அந்தக் கல்லூரியில் சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து பைபிள் சங்கீதம் பாடுவதைப் பற்றிச் சொன்னாள். ஒரு பக்கம் ஒரு வரி, எதிர்ப்பக்கம் ஒரு வரி. எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டேன். சொல்லும்போது அவள் கண்ணில் இருந்த அது என் கண்ணில் என்றைக்காவது இருந்ததா என்று கேட்க இப்போது யாரும் இல்லை. பெனிட்டாவிடம் கேட்கலாம். கேட்க மாட்டேன்.

மே 17, வெள்ளி

பத்தாவது கவுன். போனில் இடம் இல்லை, பழைய மெசேஜ்களை எல்லாம் அழித்தேன்.

மே 19, ஞாயிறு

காலையும் மாலையும் கேட்கிறாள், ஏதும் மெசேஜ் வந்ததா என்று. இல்லை என்று சொன்னேன். பார் என்று போனையே கையில் கொடுத்தேன். இல்லைதானே.

மே 22, புதன்

நாள் முழுக்க மழை. மே மாதத்தில் இப்படி மழை. லேஸ் தீர்ந்துவிட்டது என்று இரண்டு தடவை கடைக்குப் போனேன், இரண்டாவது தடவை எதற்குப் போனேன் என்று கடையில் நின்று மறந்துவிட்டது. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவிலா என்னம்மா உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே 24, வெள்ளி

கஸ்பார் போனிலிருந்து அவளே கல்லூரி ஆபீசுக்குப் பேசிவிட்டாள். நேர்காணல் 22-ஆம் தேதியே முடிந்துவிட்டதாம். 17-ஆம் தேதி எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பினார்களாம். சிஸ்டர் பெனிட்டா ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போயிருக்கிறாராம்.

வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"உங்க போனுக்கு அனுப்பிருக்காங்களாம்மா. வரலேல்ல?"

டவர் சரியில்லை, மழை என்றேன்.

"பரவால்லம்மா. நீங்க என்ன செய்வீங்க" என்றாள்.

பிறகு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மே 25, சனி

பதினாலு கவுனும் முடிந்தது. இஸ்திரி போட்டுக் கொடுத்தாகிவிட்டது.

சாயங்காலம், நன்மை வாங்குமுன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். இரண்டானது. ஒன்றானது. அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று பால் வாங்கவே இல்லை.

மே 26, ஞாயிறு

பதினாலு பிள்ளைகளும் வரிசையாகக் கைகூப்பி வந்தார்கள். ஒரு கவுன்கூட இழுபடவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள்.

நன்மை வாங்கும் வரிசை எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது கஸ்பார் எழுந்தார், அவிலா எழுந்தாள். நான் காலை ஒதுக்கி வழிவிட்டேன். என் வயதுக்கு நான் நன்மை வாங்காத ஞாயிறு எதுவும் இல்லை, அவளைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்த ஞாயிறைத் தவிர. அவள் திரும்பி வந்து முழங்காலில் நின்றாள். கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிப்பதற்குள் கேட்டாள்.

"ஏம்மா நன்மை வாங்கல?"

மே 17-இல் நான் எழுதியது பொய். போனில் இடம் நிறைய இருந்தது. ஒரே ஒரு மெசேஜைத்தான் அழித்தேன். 'அன்புள்ள அவிலா' என்று தொடங்கியது. மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அழித்தேன். கை தவறி என்றும் சொல்ல முடியாது. போன் 'நிச்சயமாக அழிக்கவா' என்று கேட்டது. ஆம் என்பதைத் தொட்டேன்.

அவளிடமும் இதைத்தான் சொன்னேன். கஸ்பார் சட்டையைக் கழற்றியபடியே நின்றுவிட்டார். அவிலா என்னைப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் கிடந்த வெட்டுத்துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். எல்லாம் குப்பைக்குப் போகிறவை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

"ஏன்" என்று அவள் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். தூரம், ஹாஸ்டல் சாப்பாடு, உன் உடம்பு. கேட்கவில்லை. கஸ்பார்தான் கேட்டார்.

"அவளும் பெனிட்டாகிட்ட போயிடுவா" என்று மட்டும் சொன்னேன்.

மே 28, செவ்வாய்

பெனிட்டா ஊர் திரும்பியதும் அவிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கஸ்பார் தானே போகிறேன் என்றார். நான்தான் போகவேண்டும் என்றேன். பஸ்ஸில் அவிலா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். மதுரையில் பஸ் மாறும்போது தண்ணீர் பாட்டில் வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

வாசலில் வேப்பமரம் இருந்த இடத்தில் சைக்கிள் ஷெட். மற்றதெல்லாம் அப்படியே. அவிலாவை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் பெனிட்டா அறைக்குள் போனேன். உட்கார் என்றாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிடுவேன்.

மெசேஜை அழித்ததைச் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, ஆனால் காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்கு எப்போதும் தெரியும்.

"பெனி, எங்கப்பாவுக்கு அன்னைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

இருபத்துநாலு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. கஸ்பாரிடமும் சொல்லாதது. மடத்துத் தலைவி மதர் என்னைக் கூப்பிட்டு, உனக்குக் கடவுளின் அழைத்தல் இல்லை மகளே, வீட்டுக்குப் போ என்று சொன்னதைச் சொன்னேன். அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டியதையும், பெனிட்டா தோட்ட வேலையில் இருந்த நேரம் பார்த்துச் சொல்லாமல் கிளம்பியதையும் சொன்னேன். உன்னை ஏன் கூப்பிட்டார், என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கடவுளிடம் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டதைச் சொன்னேன். இப்போது என் பிள்ளையும் உன் பக்கம் வருகிறாள் என்பதைத் தாங்க முடியவில்லை என்றேன்.

பெனிட்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"உங்கப்பாவுக்காக நான் இன்னைக்கு வரைக்கும் தினம் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுதேன்" என்றாள்.

என் அப்பாவுக்கு எண்பது வயது வரை ஒரு தலைவலி வந்ததில்லை. அதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு எனக்கு மட்டும் அழுகை வந்தது.

அவள் சொன்ன அடுத்த விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஜூன் ஐந்தாம் தேதி அவள் ஜார்கண்ட் போகிறாள். மாற்றல் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அவிலாவுக்கு ஏப்ரலில், எங்கள் வீட்டில் வைத்தே சொல்லியிருக்கிறாள், நான் முறுக்கு எடுக்கப் போன அந்த இரண்டு நிமிஷத்தில். சிஸ்டர் இல்லாவிட்டாலும் நான் இங்கேதான் வருவேன் என்றாளாம் என் மகள்.

பிறகு பீரோவைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்துக் கடைசித் தாளை என்னிடம் நீட்டினாள். நீ படிக்கக் கூடாது என்று அவள் எழுதவில்லையே என்றாள்.

அவிலாவின் சாய்ந்த கையெழுத்து. நான் முழுவதையும் இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. இவ்வளவுதான்: அம்மா மிஷினில் தைக்கும்போது வார்த்தை இல்லாமல் ஒரு ராகம் முனகுவார்கள். நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். என்ன பாட்டு என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள். முகாமில் முதல் நாள் மாலை இந்தச் சிற்றாலயத்தில் எல்லாரும் சேர்ந்து அதே ராகத்தில் சங்கீதம் பாடினார்கள். அன்றைக்குத்தான் எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு ஜெபம் வந்தது. அம்மா எதை இங்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நான் முனகுவது அந்தச் சங்கீதம் என்று எனக்கே தெரியாது.

கணிதத்தில் இடம் நிரம்பிவிட்டது. பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, பெனிட்டாவால் ஒன்றும் செய்ய முடியாது, செய்யச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. தாவரவியலில் இரண்டு இடம் இருந்தது. அவிலாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். ஊரில் கணிதம் கையில் இருக்கிறது, மூன்று நாள் யோசித்துச் சொல் என்றாள்.

திரும்பும்போதும் ஜன்னல் பக்கம்தான் திரும்பியிருந்தாள். ஆனால் தண்ணீரைக் குடித்தாள்.

மே 30, வியாழன்

வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஜெபமாலை சொன்னோம். நான் தொடங்கினேன், அவள் மறுமொழி சொன்னாள்.

மே 31, வெள்ளி

காலையில் மிஷின் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். ஐந்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"நான் தாவரவியலே எடுத்துக்கிடுதேன்."

உனக்குக் கணக்குதானே உயிர், அதை விட்டுவிடாதே, ஊரிலேயே இரு என்று இந்த முறை நான் சொல்லவில்லை. ஆசை இருந்தது. நீ நினைத்துத்தான் சொல்கிறாயா என்று மட்டும் கேட்டேன்.

"கணக்கு போனது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அது உங்களாலதான் போச்சு. அத நான் இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள். "ஆனா அங்கதான் போவேன்."

சரி என்றேன்.

ஜூன் 1, சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர்.

ஜூன் 5, புதன்

பெனிட்டா இன்று கிளம்புகிறாள். காலையில் போன் செய்தேன். ராஞ்சியில் குளிர் அதிகமாமே, ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் ஐந்து மாதத்துக்குக் குளிர் வராது ஜெசி என்றாள். அவள் மேல் இருந்தது முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது இந்த நோட்டில் இன்னொரு பொய். அவள் போகிற ஊரில் யார் அழுதாலும் அவளிடம்தான் போய் அழுவார்கள். அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் எரிகிறது.

ஜூன் 16, ஞாயிறு

அவிலாவை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். இரண்டு பெட்டி, ஒரு வாளி, தலையணை. கட்டில் மூன்றாவது மாடியில். கஸ்பார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி மூச்சு வாங்கினார்.

வார்டன் சிஸ்டர் ஒரு படிவம் கொடுத்தார். தகவல் சொல்ல வேண்டிய எண் என்ற இடத்தில் அவிலா அப்பாவின் நம்பரை எழுதினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறைக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். கஸ்பார் என் தோளைத் தொட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஐந்தரைக்கு மணி அடித்தது. சிற்றாலயத்துக்குப் பெற்றோர்களும் வரலாம் என்றார்கள். கஸ்பார் பஸ் விசாரிக்கப் போயிருந்தார். நான் வாசலில் நின்றேன். பெண்கள் எல்லாம் என்னைத் தாண்டிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அவிலாவும் புதிதாகப் பழகிய ஒருத்தியோடு போனாள். கடைசியில் நானும் செருப்பைக் கழற்றினேன்.

பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் அவள் தலை தெரிந்தது. நான் காலையில் பின்னிவிட்ட சடை. வீட்டிலிருந்து கிளம்பும்போது, பின்னிவிடட்டுமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி உட்கார்ந்தாள், அதுவே எனக்குப் பெரிது.

முதல் வரி தொடங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. இது நான் சேர்ந்து பாட வேண்டிய இடமா என்று தெரியவில்லை. ஒரு காலத்தில் இல்லை என்று சொல்லி அனுப்பிய இடம்.

இரண்டாவது சங்கீதத்தில் அவிலா எழுந்தாள். பெஞ்சை விட்டு வெளியே வந்து நடுவழியாகப் பின்னால் நடந்து வந்தாள். எல்லாரும் பாடிக்கொண்டே பார்த்தார்கள். என் பக்கத்தில் ஒரு முழம் இடம் விட்டு உட்கார்ந்தாள். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. கையிலிருந்த சங்கீதப் புத்தகத்தைத் திறந்து, நடுவில் இருந்த அந்த ஒரு முழத்தில் நீட்டிப் பிடித்தாள். அவள் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தாள். மறுபக்கம் காற்றில் ஆடியது.

எனக்குப் புத்தகம் தேவையில்லை, எல்லாம் மனப்பாடம்.

பிடித்துக்கொண்டேன்.